இரவுப் பாலமும் கீழே தண்ணீரும்

இரவில் எடுத்த பாலப் படங்கள் கண்ணில் பட்டால், நான் முதலில் பார்ப்பது பாலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரை. பாலம் எங்கே போகப் போகிறது? யார் போய் நின்றாலும் அதே வளைவு, அதே தூண்கள், அதே விளக்கு வரிசைதான். ஆனால் ஒரே படிக்கட்டில் டிரைபாடை வைத்து, ஒரே லென்ஸில், அதே நேரத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். இரண்டும் இரண்டு ஊரில் எடுத்த மாதிரி இருக்கும். காற்று எவ்வளவு அடித்தது, சற்று முன் படகு ஏதும் போனதா, ஷட்டரை எத்தனை நொடி திறந்து வைத்தோம், எல்லாமே தண்ணீரில் தெரிந்துவிடும். அதனால் பாலத்தைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

ஒரு விளக்கு தண்ணீரில் ஏன் ஒரு புள்ளியாக விழாமல் நீண்ட கோடாக விழுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அசையாத தண்ணீரில் விளக்கின் பிம்பம் புள்ளியாகத்தான் இருக்கும். சிற்றலை எழுந்ததும் தண்ணீரின் மேற்பரப்பு எண்ணற்ற சிறு கண்ணாடிகளாக உடைகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் சாய்வு எங்கெல்லாம் அமைகிறதோ அங்கெல்லாம் அது மின்னும். அப்படிப்பட்ட இடங்கள் விளக்குக்கும் நமக்கும் இடையிலுள்ள நேர்கோட்டை ஒட்டியே அதிகம் அமைவதால், பக்கவாட்டில் ஒடுங்கியும் நம்மை நோக்கி நீண்டும் ஒரு ஒளிக்கோடு விழுகிறது. கரையில் இடமும் வலமும் நடந்து பாருங்கள், கோடு கூடவே வரும். பத்து அடி தள்ளி நிற்பவருக்கு அதே விளக்கின் கோடு வேறு இடத்தில் தெரியும். எனவே ஒரு படகோ மிதவையோ கோட்டின் நடுவில் கருநிழலாக வர வேண்டுமென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாமே நாலு எட்டு நகர்ந்தால் போதும்.

அடுத்தது, எவ்வளவு தாழ்வாக நிற்கிறோம் என்பது. நேர் கீழே குனிந்து பார்த்தால், தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் கிட்டத்தட்ட 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை நீர்ப்பரப்போடு 10 டிகிரி கோணம் மட்டும் இருக்கும்படி தாழ்ந்தால், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். நீருக்கு ஒரு மீட்டர் மேலே கேமரா இருந்தால், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீர் பாதிக்கு மேல் திருப்பித் தரும். மேலே சாலையோரக் கைப்பிடிச் சுவரிலிருந்து எடுத்த படங்களில் முன்னால் இருக்கும் தண்ணீர் ஒரு பெரிய கறுப்பாக மட்டும் இருப்பதற்கும், தூரத்தில் மட்டும் மினுங்குவதற்கும் காரணம் இதுதான். என் டிரைபாடின் கால்களை நான் முழுசாக இழுப்பதே அபூர்வம். தண்ணீர் தொடும் படிக்கு இரண்டு படி மேலே, கால்களைச் சுருக்கி வைத்து, பக்கத்தில் ஒரு பழைய துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நீர்மட்டம் ஏறும் ஆறாக இருந்தால் எந்தப் படி ஈரமாக இருக்கிறது, எதுவரை பாசி பிடித்திருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வேன். பாசிக்கு மேலேதான் உட்கார இடம்.

தாழ்ந்து உட்கார்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தண்ணீரில் தெரியும் பாலம், மேலே நாம் பார்க்கும் பாலத்தின் தலைகீழ் நகல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரியாகச் சொன்னால், நம் கண் நீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில், நீருக்குக் கீழே ஒரு கண் இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பம். அதனால் நேரில் மறைந்திருக்கும் அடிவயிறு தண்ணீரில் தெரியும். வளைவுக்கு உள்ளே இருக்கும் கல் வரிசை, இரும்புப் பாலமாக இருந்தால் தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் உத்திரங்கள், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கட்டிவிட்ட குழாய்கள். கரையோர விளக்கு ஒன்று அடிப்பக்கத்தில் பட்டுக்கொண்டிருந்தால் போதும், நேரில் ஒரு கீற்றாக மட்டும் தெரியும் அந்த வெளிச்சம் கீழே அகலமாக விரிந்து கிடக்கும். மேல் பாதியை வெட்டிவிட்டுப் பிம்பத்தை மட்டும் வைத்து நான் நிறைய எடுத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த படங்களில் பாதி அந்த வகைதான்.

சரி, ஷட்டர். இதில் எனக்கு உறுதியான ஒரு அபிப்பிராயம் உண்டு. இரவுப் படம் என்றாலே 30 நொடி என்று ஒரு பழக்கம் பரவிவிட்டது. 30 நொடியில் தண்ணீர் பாலாடை படிந்த மாதிரி வழவழப்பாகிவிடும். எல்லா ஆறும் ஒரே ஆறாகிவிடும். சுழலும் இல்லை, நீரோட்டமும் இல்லை, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற தடயமும் இல்லை. அதே காட்சியை எட்டில் ஒரு நொடியில் எடுத்தால் ஒளிக்கோடு துண்டு துண்டாக நொறுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு துண்டும் கூர்மையாக இருக்கும், பார்க்கவே ஒரு பரபரப்பு. ஒன்றிலிருந்து நாலு நொடிக்குள் வந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்திருக்கும், ஆனால் ஓரங்கள் இன்னும் பிசிறாகவே இருக்கும். எனக்கு வேண்டியது அந்தப் பிசிறு. தூணின் அடியில் நீரோட்டம் மோதிப் பிரியும் இடத்தை இரண்டு நொடியில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூணுக்கு முன்னால் மெல்லிய ஒரு வெள்ளை விளிம்பு, இரண்டு பக்கமும் சாய்ந்து போகும் கோடுகள், தூணுக்குப் பின்னால் மட்டும் ஒரு கை அகலத்துக்கு அசையாத கறுப்பு. தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நல்ல வெளிச்சமுள்ள நகரப் பாலம் ஒன்று, வானம் முழுக்க இருட்டிய பிறகு, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சுருங்கும்) வைத்தால் ஷட்டர் நேரம் பத்து நொடியை ஒட்டி வரும். இரண்டு மூன்று நொடிக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200. இன்றைய கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 400 வரை போனாலும் கவலையில்லை. லென்ஸ் துவாரத்தை மிகவும் சுருக்கினால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் நட்சத்திரம் மாதிரி கதிர்கள் கிளம்பும். துவாரத்தின் தகடுகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் அத்தனை கதிர்கள், ஒற்றைப்படையில் இருந்தால் அதன் இரு மடங்கு. ஏழு தகடு லென்ஸில் பதினாலு கதிர். ஒன்றிரண்டு விளக்குகளுக்கு அது அழகு. வரிசையாக நாற்பது விளக்குகள் இருக்கும் பாலத்தில் நாற்பது நட்சத்திரமும் சேர்ந்து பாலத்தையே மறைத்துவிடும்.

நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பது, தேவைப்படும் இரவுகளும் உண்டு. காற்று தாறுமாறாக அடித்து, பிம்பமே சேராமல் நீர் கொந்தளிக்கும்போது இரண்டு நொடியில் குப்பைதான் வரும். அப்போதும் ஒரே 30 நொடியாக எடுப்பதைவிட, மூன்று நொடிப் படங்கள் பத்தை வரிசையாக எடுத்து, கணினியில் சராசரி எடுப்பது நல்லது. தண்ணீர் 30 நொடித் தண்ணீராகிவிடும், நாய்ஸும் (இருட்டில் மணல்மணலாகத் தெரியும் புள்ளிகளும்) குறையும். நடுவில் யாராவது டிரைபாடைத் தட்டினால் அந்த ஒரு படத்தை மட்டும் தூக்கிப் போட்டால் போதும். இப்படி எடுக்கும்போது கேமராவில் உள்ள நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் ஷட்டரை மூடி வைத்து இன்னொரு கறுப்புப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். வரிசையில் இடைவெளி விழும்.

காற்று பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் படிக்கட்டில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். நான் அலையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு டிரைபாடை மடக்கப் போனபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல், "காத்து இப்ப அடங்கும் தம்பி, கொஞ்சம் பொறு. இன்னும் செத்த நேரத்துல தண்ணி தூங்கிரும்" என்றார். அப்படியே ஆயிற்று. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும், பகலில் மேலும் கீழும் கலந்துகொண்டிருந்த காற்று அடுக்கடுக்காகப் படிந்துவிடுகிறது. மேலே காற்று ஓடினாலும் தரைமட்டத்தில் ஓய்ந்துவிடும். மேகமில்லாத இரவுகளில் இது நன்றாகவே தெரியும். தூண்டில்காரர்கள் இருக்கும் இடத்தில் உட்காருங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. தண்ணீரை அவர்கள் அளவுக்குக் கவனிப்பவர்கள் வேறு யாரும் கிடையாது.

எப்போது எடுப்பது என்று கேட்டால், சூரியன் மறைந்து அது தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி போகும் வரையிலான நேரத்தையும், அதை ஒட்டி அடுத்து வரும் சில நிமிடங்களையும் எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சரிதான். பூமத்திய ரேகைக்கு அருகில் அந்த 6 டிகிரி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நீடிக்கும், வடக்கே போகப் போக நீளும். அந்த நேர வானத்தின் அடர் நீலத்துக்கு ஓசோன் காரணம். மிகச் சாய்வாக வரும் ஒளி ஓசோன் அடுக்கில் வெகுதூரம் பயணம் செய்வதால் அதிலுள்ள மஞ்சளும் ஆரஞ்சும் உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. ஹல்பர்ட் என்ற இயற்பியலாளர் 1953-ல் இதை விளக்கினார். வானம் நிமிடத்துக்கு நிமிடம் மங்கிக்கொண்டே போகும், விளக்குகள் மங்காது. இரண்டும் சமமாக நிற்கும் கொஞ்ச நேரத்தில் ஒரே எக்ஸ்போஷரில் வானமும் விளக்கும் கெடாமல் பிடித்துவிடலாம். வசதியான நேரம். ஆனால் நான் அப்போது சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு. அந்த நீலம் தண்ணீரின் மேலும் பரவிக் கிடப்பதால் ஒளிக்கோடுகள் வெளிறிப்போகின்றன. நீலம் தண்ணீரைவிட்டு விலகி, வானத்தில் மட்டும் லேசாகத் தங்கியிருக்கும் கட்டம் ஒன்று வரும். எனக்கு அதுதான் வேண்டும்.

இருட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு இரவு என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கைபேசிகளின் இரவு வசதியோ இன்னும் ஒரு படி மேலே போய் நள்ளிரவைச் சாயங்காலமாக்கிவிடுகிறது. நான் மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்தே வைப்பேன் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம், இருட்டைக் குறிக்கும் இடது பக்கம் குவிந்து கிடக்கும். கிடக்கட்டும். விளக்கைச் சுற்றியுள்ள நிறம் வெள்ளையாக எரிந்துபோனால் பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பாலத்தின் இருண்ட பகுதி இருண்டே இருப்பதில் என்ன நஷ்டம்?

விஸ்லர் என்ற ஓவியர் 1870-களில் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் பழைய பேட்டர்சீ பாலத்தை இரவில் பார்த்து வரைந்தார். அதில் முழுப் பாலமே கிடையாது. ஒரு தூண், மேலே தளத்தின் ஒரு துண்டு, மற்றதெல்லாம் நீலமும் பச்சையும் கலந்த இருட்டு, தூரத்தில் சில பொன் புள்ளிகள். அவர் இரவில் படகில் போய்ப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு வந்து, பிறகு தன் அறையில் வரைவாராம். ஓவிய விமர்சகர் ரஸ்கின்மேல் அவர் போட்ட அவதூறு வழக்கு 1878-ல் விசாரணைக்கு வந்தபோது அந்த ஓவியத்தையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். பாலம் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படத்துக்குள் வந்தாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த ஓவியத்தைத்தான் காட்டுவேன். அகன்ற லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு 50, 85 மில்லிமீட்டரில் ஒரு தூணையும் அதன் பிம்பத்தையும் மட்டும் எடுத்துப் பாருங்கள்.

1930-களில் பாரிஸ் இரவுகளைக் கண்ணாடித் தட்டுகளில் பதிவு செய்த புகைப்படக்காரர் பிராசாய், எக்ஸ்போஷர் நேரத்தைச் சிகரெட் எரியும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டார் என்பது பிரசித்தம். சாதாரண வெளிச்சத்துக்கு ஒரு வகை சிகரெட், இருட்டு அதிகமென்றால் தடிமனான வேறொன்று. சேன் ஆற்றுப் பாலங்களை அவர் பனிமூட்டத்திலும் மழை ஈரத்திலும் தேடிப் போய் எடுத்தார். மூட்டம் இருந்தால் விளக்கு தெறிக்காது, ஒளி மென்மையாகப் பரவும், தூணின் ஓரம் கறுப்பாகத் துலங்கும். இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. லேசான மூட்டம் என்று வானிலை அறிக்கை சொன்னால் நான் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

விளக்குகள் மட்டும் மாறிவிட்டன. பழைய குறைந்த அழுத்த சோடியம் விளக்குகள் கிட்டத்தட்ட ஒரே ஒரு நிறம்தான் தரும், 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலையை) எப்படித் திருகினாலும் அதற்குள் வேறு நிறம் கிடைக்காது, ஏனென்றால் இல்லவே இல்லை. அதற்குப் பிறகு வந்த உயர் அழுத்த சோடியத்தில் கொஞ்சம் மற்ற நிறங்களும் உண்டு. இப்போது எங்கும் எல்.இ.டி. சோடியமும் எல்.இ.டி.யும் பாதிப் பாதியாக மாட்டியிருக்கும் பாலம் கிடைத்தால் விடாதீர்கள். மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும் கொஞ்ச காலத்துக்குத்தான் அது கிடைக்கும். தண்ணீரில் ஒரு பொன் கோடு, பக்கத்திலேயே ஒரு வெண்ணீலக் கோடு. ரா கோப்பில் (கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் கோப்பு) ஒயிட் பேலன்ஸை 3500 கெல்வினை ஒட்டி வைத்தால் இரண்டும் தன் நிறத்தோடு நிற்கும்.

நிறம் மாறிக்கொண்டே இருக்கும் அலங்கார விளக்குப் பாலங்களில் நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சோகையான ஒரு வெளுப்பு மிஞ்சும். அங்கே ஒரு நிறம் நிலைத்திருக்கும் நேரத்துக்குள் ஷட்டரை மூடிவிட வேண்டும். ஆனால் எல்லா அலங்காரமும் இப்படியில்லை. சான்பிரான்சிஸ்கோவின் பே பாலத்தில் லியோ வில்லரியல் 2013-ல் அமைத்த 25,000 விளக்குகளும் வெறும் வெள்ளைதான், வெளிச்சம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் அதே கலைஞர் 2019-க்கும் 2021-க்கும் இடையில் ஒன்பது பாலங்களுக்கு விளக்கமைத்தபோது நிறங்களை மெதுவாக, அடக்கமாக மாற விட்டார். அப்படிப்பட்ட வேலை எனக்குப் பிடிக்கும். ஆறு விளக்கோடு சேர்ந்து அசைய அதில் இடம் இருக்கிறது.

பாலத்தின் மேலேயே நின்று எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலம் ஆடும். லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10-ல் திறந்து, நடப்பவர்களின் காலடியிலேயே பக்கவாட்டில் ஆடி, இரண்டு நாளில் மூடி, அதிர்வு உறிஞ்சிகள் பொருத்திய பிறகு 2002-ல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த அளவு இல்லாவிட்டாலும் ஒரு பேருந்து போனால் டிரைபாடில் தெரிந்துவிடும். இரண்டு தூண்களுக்கு நடுவில் நிற்காமல் தூணுக்கு நேர் மேலே நில்லுங்கள், அங்கே அசைவு மிகக் குறைவு. வண்டி வராத இடைவெளியில் இரண்டு நொடி, மூன்று நொடியாக எடுங்கள். கைப்பிடியில் டிரைபாடைச் சாய்க்கவே கூடாது. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் டிரைபாடில் இருக்கும்போது அணைத்து வையுங்கள். ஃபோகஸை ஒரு விளக்கின் ஓரத்தில் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். யூ.வி. ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் பச்சையாக ஒரு பேய் விளக்கு வந்து நிற்கும்.

ஆறு அழுக்காக இருக்கிறதே, இதில் என்ன எடுப்பது என்று என்னிடம் கேட்பார்கள். பகலில் கேட்டால் நியாயமான கேள்வி. பகலில் ஒளி தண்ணீருக்குள் இறங்கி, சேற்றில் பட்டு, பழுப்பாகத் திரும்பி வருகிறது. இரவில் உள்ளே இறங்க ஒளியே பெரிதாக இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் மேற்பரப்பு திருப்பி அனுப்பும் விளக்குகள் மட்டும்தான், மேற்பரப்புக்குச் சேறும் தெளிவும் ஒன்றே. வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும் கலங்கல் ஆற்றில் நான் எடுத்த ஒளிக்கோடுகள், தெளிந்த ஆற்றில் எடுத்ததற்குக் கொஞ்சமும் குறைவில்லை. நகரத்தின் நடுவில், யாரும் திரும்பிப் பார்க்காத வாய்க்கால்மேல் இருக்கும் சின்னப் பாலங்களுக்கும் இது பொருந்தும். பெயர் பெற்ற பாலத்துக்காக ஊர் ஊராக அலைவதைவிட, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பாலத்துக்கு எல்லாக் காற்றிலும் போய் வருவதையே நான் சொல்வேன்.

படகுகள் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேனே. இரவில் ஓடும் படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வருவது இரண்டையும் காட்டும். எட்டு நொடி திறந்து வைத்தால் படகு மறைந்து, ஏறி இறங்கும் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் மிஞ்சும். அதன் பின்னால் வரும் அலை பிம்பத்தையெல்லாம் கலைத்துப் போடும். சரிவான மண்கரை என்றால் அலை கரையில் ஏறி அங்கேயே செத்துவிடும். செங்குத்தான கல்சுவர்க் கரை என்றால் மோதித் திரும்பி, எதிர்ச்சுவரில் மோதி மறுபடி திரும்பும். வெகுநேரம் ஆகும். பெரும்பாலானவர்கள் அப்போது கேமராவை அணைத்துவிட்டுக் கைபேசியைப் பார்ப்பார்கள். நான் அப்போது ஷட்டரைக் கால் நொடிக்குக் குறைத்து விடாமல் எடுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு பக்க அலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும்போது ஒளிக்கோடு சதுரம் சதுரமாக உடையும். அந்தச் சதுரங்கள் தெளிவாகத் தெரியும் படம் ஒரு இரவில் ஒன்றுதான் தேறும், அதுவும் திரும்பி வரும் அலை மெலிய ஆரம்பித்த பிறகு எடுத்ததாகத்தான் இருக்கும்.